ஓடினா பிள்ளை மெலியுமோ? நேசறிப் பிள்ளையளின்ரை விளையாட்டும் உடம்புக் கொழுப்பும்

நேசறி_ரீச்சர் (புதுக்குடியிருப்புப் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். நான் இஞ்சை ஒரு முன்பள்ளியில பதினொரு வருசமா படிப்பிக்கிறன், இந்த வருசம் 27 பிள்ளையள், மூண்டு வயசிலயிருந்து அஞ்சு வயசு மட்டும். நாலு பேரிட்டைக் கேட்டாத்தான் மனம் ஆறும் எண்டு இதிலை போடுறன். ரெண்டு மாசமா நான் காலமை தேவாரம் முடிஞ்ச கையோட பிள்ளையளை வெளியில விடுறனான், முந்தி அரை மணித்தியாலம், இப்ப ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட. ரயர் உருட்டுவினம், மண் கிண்டுவினம், கெந்திப் பிடிப்பினம், கள்ளன் பொலிஸ் எண்டு ஓடுவினம். எனக்குத் தெரிய இவ்வளவு காலத்தில பிள்ளையள் இப்பிடி வேர்த்து விறுவிறுத்து சிரிச்சுக்கொண்டு வகுப்புக்கை வந்ததை நான் காணேல்லை.

ஆனா தாய்மார் மூண்டு பேர் வந்து கதைச்சுப் போட்டினம். அதில ஒராள் சொன்னா, "ரீச்சர், பிள்ளை ஓடி ஓடி எலும்பும் தோலுமாப் போகுது, கன்னம் எல்லாம் வத்திப் போச்சு, கிளினிக்கில நிறை ஏறேல்லை எண்டு பேச்சு வாங்கினது நான், நீங்கள் இருத்தி வைச்சு எழுத்தைப் பழக்குங்கோ, பக்கத்து நேசறியில நூறு மட்டும் எழுதுதுகள்" எண்டு. அந்த அம்மா அழாக்குறையாத்தான் சொன்னவ, அவவில எனக்குக் கோவம் இல்லை. மனுசன் இல்லாமல் தனிய வளக்கிறா, பிள்ளையின்ரை கன்னம்தான் அவவுக்குச் சான்றிதழ் மாதிரி. நான் என்ன சொல்றது? ஓடினா மெலியுமோ மெய்யா? அப்பிடி எண்டா நான் செய்யிறது பிழையோ?

மல்லாவி_அப்பா

ரீச்சர் குறை நினைக்காதைங்கோ, நான் உள்ளதைச் சொல்றன். கொழுப்புக் குறைக்க ஓடவேணும் எண்டு ரீவியில யூடியூப்பில சொல்றது எல்லாம் கொழும்பு ஆக்களுக்கும் வெளிநாட்டு ஆக்களுக்கும். எங்கடை வன்னிப் பிள்ளையளிட்டைக் கொழுப்பு எங்கை கிடக்கு குறைக்கிறதுக்கு? 2022 இல பால்மா விலை ஏறின நேரம் என்ரை மூத்தவனுக்கு வெறும் தேத்தண்ணிதான் குடுத்தம், கிளினிக்கில குடுக்கிற திரிபோசாச் சத்துமாவும் ஒழுங்கா வரேல்லை. வயித்துக்கு இல்லாத பிள்ளையை ஓட விடுறது இருக்கிற பெற்றோலையும் எரிக்கிற மாதிரி எண்டுதான் எனக்குப் படுது. விளையாட்டு வேணும், வேண்டாம் எண்டு சொல்லேல்லை, ஆனா ஒரு மணித்தியாலம் கூட. ரெண்டாவது, ஒண்டாம் வகுப்புக்குப் போகேக்க தன்ரை பேர் எழுதத் தெரியாமல் போற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில எப்பிடிப் பாப்பினம் எண்டும் யோசியுங்கோ.

ஸ்காபரோ_சித்தி

நான் முள்ளியவளையில பிறந்து இப்ப கனடாவில இருக்கிறன். மல்லாவி அண்ணா சொல்றது சரிபோலத்தான் கிடக்கு, ஆனா இஞ்சத்தைக் கதையையும் கேளுங்கோ. இஞ்சை ஒன்ராறியோவில முழு நாள் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் எண்டா நாளுக்கு ரெண்டு மணித்தியாலம் பிள்ளையளை வெளியில விட்டே ஆகவேணும், காலநிலை மோசமா இருந்தா விலக்கு, அது சட்டத்தில கிடக்கு. பனிக்கை ஜக்கற் சப்பாத்து எல்லாம் மாட்டி இறக்கி விடுவினம். நான் முதல்ல பயந்து போனன், பிள்ளைக்குத் தடிமன் வரப்போகுது எண்டு சண்டை பிடிக்கப் போனனான்.

ஊரில என்ரை தங்கச்சியின்ரை மகனுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஒரு ராப் (பெரிய போன் மாதிரி ரப்லெற்) அனுப்பினன், ஆசையில. போன கிழமை வீடியோ கோலில பாக்கிறன் நாலு வயசுப் பிள்ளை அதை வைச்சுக்கொண்டு சுவரோட சாஞ்சபடி வாயைத் திறக்க அம்மம்மா சோறு ஊட்டுறா. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிக்குது. தங்கச்சி சொல்றாள் "நிறை சரியாத்தான் கிடக்காம் அக்கா" எண்டு. எனக்கு அண்டைக்கு நித்திரை வரேல்லை.

குடும்பநலம்_வவுனியா_வடக்கு

ரீச்சர், நான் குடும்பநல உத்தியோகத்தர் (மிட்வைஃப்), நெடுங்கேணி ஒலுமடுப் பக்கம் கன வருசம் கிளினிக் செய்தனான். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசியுங்கோ, ஏனெண்டா நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் ஒவ்வொரு கிளினிக்கிலயும் தாய்மார் என்னட்டைக் கேக்கிறவை.

முதல்ல கன்னம் வத்துறது. ஒரு குழந்தை ஆறு மாசம் மட்டில வரேக்க உடம்பு நிறையில நூற்றுக்கு 25 பங்கு மட்டில கொழுப்புத்தான். அதுக்குப் பிறகு எழும்பி நிண்டு நடந்து ஓடத் தொடங்க அது குறைஞ்சு குறைஞ்சு அஞ்சு வயசில நூற்றுக்கு 15 மட்டில வந்து நிக்கும், பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஒரு சொட்டுக் கூட. இது நோயில்லை, சாப்பாடு காணாமலும் இல்லை, இயற்கை அப்பிடித்தான் வைச்சிருக்கு. உயரத்தையும் நிறையையும் சேத்துப் பாக்கிற பிஎம்ஐ கணக்கும் அப்பிடித்தான், ஒரு வயசுக்குப் பிறகு இறங்கி அஞ்சு ஆறு வயசில அடியில நிண்டு பேந்து மெல்ல ஏறும். அந்தத் திரும்பி ஏறுறது அஞ்சு வயசுக்கு முன்னமே தொடங்கிற பிள்ளையளுக்குத்தான் வளர்ந்தாப்போல உடம்பு கூடிப்போற சாத்தியம் கூட. அப்ப நாலு வயசுப் பிள்ளைக்கு ஒரு வயசுக் கன்னம் வேணும் எண்டு ஆசைப்படுறது பிள்ளைக்கு நல்லதில்லை. இதை எத்தினை அம்மம்மாமாருக்குச் சொல்லியிருப்பன், ஒருத்தரும் நம்பினதில்லை, "உங்களுக்கென்ன தெரியும், தேப்பன் இந்த வயசில எப்பிடி இருந்தவன் தெரியுமோ" எண்டுவினம்.

மல்லாவி அண்ணா, நீங்கள் சொன்னது பிழையில்லை. 2016 இல நாடு முழுக்கச் செய்த குடிசன சுகாதார அளவீட்டில அஞ்சு வயசுக்குட்பட்ட நூறு பிள்ளையளில 15 பேர் உயரத்துக்கேத்த நிறை இல்லாதவை, 17 பேர் வயசுக்கேத்த உயரம் இல்லாதவை, கூடின நிறை எண்டு பாத்தா 2 பேர்தான். ஆனபடியால் எங்களுக்கு மெலிவுதான் முதல் கவலை, அதில மாத்துக் கருத்தில்லை. ஆனா தராசு காட்டுறது மொத்த நிறையை மட்டும்தான். அதுக்குள்ளை எலும்பு எவ்வளவு தசை எவ்வளவு கொழுப்பு எவ்வளவு எண்டு தராசுக்குத் தெரியாது. எங்கடை தெற்காசியப் பிள்ளையளில இது பெரிய விசயம். பூனேயில பிறந்த குழந்தையளையும் இங்கிலாந்தில பிறந்த குழந்தையளையும் அளந்து பாத்து 2003 இல எழுதினவை, பூனேப் பிள்ளை சராசரி 2.7 கிலோ, அங்கத்தைப் பிள்ளை 3.5 கிலோ, வயித்துச் சுற்றளவு மேல்கைச் சுற்றளவு எல்லாம் பூனேப் பிள்ளைக்குக் கனக்கக் குறைவு, ஆனா முதுகில தோலுக்குக் கீழ கிடக்கிற கொழுப்பு மட்டும் அந்தளவுக்குக் குறையேல்லை. மெல்லிசாத் தெரியிற பிள்ளையிலயும் கொழுப்பு இருக்கும், குறைவாக் கிடக்கிறது தசை. ஸ்காபரோ அக்கா வீடியோ கோலில கண்டது அதுவாத்தான் இருக்கலாம், ஆனா ஒருக்கா கிளினிக்கில காட்டச் சொல்லுங்கோ, வயிறு தள்ளுறதுக்குப் பூச்சியும் காரணமா இருக்கலாம். ஒன்றரை வயசிலயிருந்து ஆறு மாசத்துக்கு ஒருக்கா பூச்சி மருந்து குடுத்ததோ எண்டு பிள்ளையின்ரை பதிவேட்டில பாக்கச் சொல்லுங்கோ.

அடுத்தது பெற்றோல் கதை. அதை எங்கடை பிசியோத் தம்பி இதுக்குள்ளை இருந்தா அவர் வடிவாச் சொல்லுவார்.

பிசியோ_தர்மபுரம்

வந்திட்டன் மிஸ். மல்லாவி அண்ணா, உங்கடை பெற்றோல் உவமானம் வாகனத்துக்குச் சரி, வளர்ற உடம்புக்குச் சரிவராது, ஏனெண்டா ஓடிறதால எஞ்சின் பெரிசாகிற வாகனம் உலகத்தில இல்லை, பிள்ளையின்ரை உடம்பு அப்பிடித்தான் வளருது. சாப்பிட்ட சாப்பாடு எங்கை போய்ச் சேரவேணும் எண்டு உடம்புக்குச் சொல்றது அசைவுதான், தசை இழுபட்டால் தசைக்கும் எலும்புக்கும் போகும், இழுபடாமல் இருந்தா மிச்சம் கொழுப்பாப் படியும்.

1970களில குவாத்தமாலாவில ஒரு வேலை செய்தவை, நான் படிக்கேக்க கேட்டதிலயிருந்து மறக்கேல்லை. போசாக்கில்லாமல் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து தேறிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளையளை ரெண்டு பிரிவாக்கி ரெண்டு பிரிவுக்கும் ஒரே மாதிரிச் சாப்பாடு குடுத்து, ஒரு பிரிவை மட்டும் ஏறி இறங்கி நடந்து விளையாடக் கூட விட்டவை. அசைஞ்ச பிள்ளையள் மெலியேல்லை. மற்றப் பிரிவை விட உயரம் கூட வளர்ந்தினம், கொழுப்பில்லாத உடம்பும் கூடினது. அதே சாப்பாடு எண்டதைக் கவனியுங்கோ. இண்டைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின்ரை முறையில கடும் போசாக்கின்மையோட வாட்டில கிடக்கிற பிள்ளைக்குப் பால், மருந்து போல விளையாட்டும் எழுதிக் கிடக்கு, உடம்பு தாங்கத் தொடங்க ஒரு நாளைக்கு 15 தொடக்கம் 30 நிமிசம். சாகக் கிடந்து எழும்பின பிள்ளைக்கே விளையாட்டுக் குடுக்கச் சொன்னால், ரீச்சரின்ரை நேசறியில ஓடுற பிள்ளையை ஏன் நிப்பாட்டுவான்?

ஒண்டு மட்டும், சாப்பாடு காணவேணும். ஓடுற பிள்ளைக்கு ஒரு முட்டை, ஒரு பிடி பயறு, கொஞ்சம் குளத்து மீன் இல்லாட்டி உடம்பு எதை வைச்சுத் தசை கட்டும்? ஜப்பான் மீன் (திலாப்பியா) மலிவுதானே எங்கடை பக்கம், முள்ளெடுத்துக் குடுங்கோ.

வவுனியா_கம்பஸ்_பெடியன்

பிசியோ அண்ணா நீங்கள் சொல்ற பக்கம்தான் நானும், ஆனா ஒரு பக்கத்தை மட்டும் சொன்னா ரீச்சர் பெற்றார் கூட்டத்தில மாட்டுப்படுவா, ஆனபடியால் மற்றப் பக்கத்தை நான் சொல்றன். ஸ்கொட்லாந்தில கிளாஸ்கோ நகரத்தில 36 நேசறியளில 545 பிள்ளையளை வைச்சு ஒரு பரிசோதனை செய்து 2006 இல முடிவு வந்தது. கிழமைக்கு மூண்டு தரம் அரை அரை மணித்தியாலம் ஓட்டம் பாய்ச்சல் விளையாட்டு, 24 கிழமை, வீட்டுக்கும் ஆலோசனை குடுத்தவை. கடைசியில பிஎம்ஐ ரெண்டு பக்கமும் ஒண்டுதான், ஒரு வித்தியாசமும் இல்லை. அப்ப விளையாட்டால உடம்புக் கொழுப்புக் குறையும் எண்டு நாங்கள் அடிச்சுச் சொல்லலாமோ?

பிசியோ_தர்மபுரம்

நல்ல கேள்வி தம்பி, இதைக் கேக்கத்தான் வேணும். அதே பரிசோதனையில இன்னொண்டும் கண்டவை, அந்தப் பிள்ளையளின்ரை உடல் அசைவுத் திறன், பாயிறது, தாண்டுறது, ஒத்தைக் காலில நிக்கிறது, அது முன்னேறியிருந்தது. பிஎம்ஐ மாறேல்லை எண்டதுக்கு எனக்குத் தெரிய ரெண்டு காரணம் சொல்லலாம், ஒண்டு பிஎம்ஐயும் தராசு மாதிரித்தான், தசையையும் கொழுப்பையும் பிரிக்காது. மற்றது கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலம் எண்டது சின்னப் பிள்ளைக்கு ஒண்டுமேயில்லை. 2019 இல உலக சுகாதார நிறுவனம் மூண்டு நாலு வயசுக்குச் சொன்னது நாளுக்கு 180 நிமிசம் அசைவு, அதில 60 நிமிசமாவது மூச்சு வாங்கிற மாதிரி. கிழமைக்கில்லை, நாளுக்கு!

இங்கிலாந்தில சவுதாம்ரன் பக்கம் நாலு வயசுப் பிள்ளையள் 398 பேருக்கு நெஞ்சில சின்ன மெசின் ஒண்டை ஒட்டி அசைவையும் இதயத் துடிப்பையும் பதிஞ்சு, ஸ்கான் எடுத்துக் கொழுப்பைத் தனியா அளந்தவை, 2013 இல வந்தது. வேகமா ஓடின நேரம் கூடின பிள்ளைக்குக் கொழுப்புக் குறைவு, சும்மா நடந்து திரிஞ்ச நேரத்தோட அந்தளவு தொடர்பு தெரியேல்லை. அமெரிக்காவில பிரேமிங்கம் எண்ட ஊரில நேசறி வயசிலயிருந்து பதினொரு வயசு மட்டும் நூறு சொச்சம் பிள்ளையளைத் தொடர்ந்து பாத்ததிலயும் சின்னனிலயே கூட ஓடின பிள்ளையளுக்குத்தான் பேந்தும் கொழுப்புக் குறைவாக் கூடினது.

ஆனா நீ கேக்க முதலே நானே சொல்றன், சேர்ந்து போகுது எண்டதுக்காக ஒண்டால ஒண்டு வந்தது எண்டு சொல்ல ஏலாது. பிளிமத்தில கொஞ்சம் பெரிய பிள்ளையளை, 7 தொடக்கம் 10 வயசு, வருசா வருசம் அளந்தவை சொன்னது மாறி, கொழுப்புக் கூடினாப் பிறகுதான் அசைவு குறையுதாம். ரெண்டு பக்கமும் உண்மை எண்டுதான் நான் நினைக்கிறன், குந்தியிருக்கக் கொழுப்பு ஏறும், ஏறினாப் பிறகு எழும்ப மனம் வராது. அந்தச் சுழி தொடங்க முதல் கவனிக்கவேண்டிய வயசு இதுதான். ஆனபடியால் ரீச்சர், கூட்டத்தில "விளையாட்டுக் கொழுப்பைக் கரைக்கும்" எண்டு சொல்லாதைங்கோ, அது எங்கடை தாய்மாருக்குப் பயத்தைத்தான் குடுக்கும். "சாப்பிட்டது தசையாப் போய்ச் சேரும்" எண்டு சொல்லுங்கோ.

பரந்தன்_ரயர்க்கடை

படிச்ச ஆக்கள் கதைக்கிற இடத்தில நானும் ஒண்டு சொல்றன். ஓட விடு ஓட விடு எண்டுறியள், எங்கை விடுறது? எங்கடை வீடு ஏ9 ஓரம், றோட்டால பஸ் ஓடுற ஓட்டம் தெரியும்தானே. என்ரை மச்சாள் வீடு மாங்குளத்துக்கு உள்ளுக்கை, அவைக்கு ஆறு மணிக்குப் பிறகு யானை, பகலில புடையன் பாம்பு. பத்தைக்குள்ள போகாதை எண்டு எங்கடை வாயில வாறது யானைக்காக மட்டும் இல்லை எண்டு இஞ்ச இருக்கிற எல்லாருக்கும் விளங்கும். மிதிவெடி எடுத்து முடிஞ்சுது எண்டு போட் வைச்ச காணியிலயும் என்ரை கால் இண்டைக்கும் தயங்கித்தான் வைக்கும், என்ரை பிள்ளையை எப்பிடி விடுவன். போர் முடிஞ்ச கையோட சனத்தை வைச்சிருந்த மெனிக் பாம் முகாமில தறப்பாள் கொட்டிலுக்கை வளந்த பெடியள் பெட்டையள்தான் இப்ப தாய் தேப்பன். அந்த முள்ளுக்கம்பிக்கை பிள்ளையைக் கைபிடிச்சே வைச்சிருந்து பழகின சனம் இது, ஒரு நாளில விட்டிடாது.

மனுசி உடுப்புத் தைக்கிற காமெண்ட் பக்டரிக்குப் போறா, காலமை ஆறரைக்கு பஸ், திரும்ப இருளும். மாமிக்கு மூட்டு வருத்தம், துரத்தி ஓட ஏலாது, ஆனபடியால் போனைக் குடுத்து இருத்துறா. அவவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அப்ப பிள்ளை பாதுகாப்பா ஓடக்கூடிய ஒரே இடம் எங்களுக்கு நேசறிதான், அதுக்குள்ளையும் இருத்தி வைச்சு எழுதப் பழக்கினால் அது எங்கைதான் ஓடுறது எண்டு இதை வாசிச்சாப் பிறகுதான் எனக்கு மண்டைக்குள்ளை ஏறினது. ரீச்சர், என்னட்டைப் பழைய ரயர் கிடக்கு, வேணுமெண்டா சொல்லுங்கோ.

விசுவமடு_மகள்

எங்கடை அம்மாவுக்கு 71 வயசு, இந்த இழையை நான் வாசிச்சுக் காட்டினன், அவ சொன்னதை அப்பிடியே எழுதுறன். "இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழ இருந்த காலத்தில நான் பிள்ளைக்குப் பசியோ இல்லையோ எண்டு வயித்தைத் தடவிப் பாக்கிறேல்லை. சாப்பிட்ட பிள்ளை பாலைமரத்தைச் சுத்தி ஓடும், பழம் பொறுக்கும், அடிபடும். பசிச்ச பிள்ளை ஓடாது, தாயின்ரை சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கும். ஓடுற பிள்ளையைப் பாத்துப் பயப்பிடாதைங்கோ பிள்ளையள், குந்தியிருக்கிற பிள்ளையைப் பாருங்கோ."

அவ்வளவுதான். சொல்லிப்போட்டு எழும்பிப் போட்டா.

குடும்பநலம்_வவுனியா_வடக்கு

தங்கச்சி, அம்மாவின்ரை காலைத் தொட்டுக் கும்பிட்டன் எண்டு சொல்லுங்கோ. இதை நாங்கள் வகுப்புக்குப் போய்ப் படிச்சனாங்கள். சாப்பாடு காணாத உடம்பு வளர்ச்சியைக் குறைக்கும், அசைவையும் குறைக்கும், இருக்கிறதைச் சேமிக்கிறதுக்கு. "என்ரை பிள்ளை சரியான அமைதி மிஸ், ஒரு குழப்படியும் இல்லை" எண்டு பெருமையாச் சொல்ற தாய்மாரை நான் கொஞ்சம் கூட நேரம் இருத்தி வைச்சுக் கேப்பன், என்ன சாப்பிடுது, எப்ப நித்திரை, கண் இமையின்ரை உள்பக்கம் வெளிறிக் கிடக்கோ எண்டு. இரத்தத்தில இரும்புச் சத்துக் குறைஞ்ச பிள்ளைக்கு ஓட மூச்சு வராது, அது தானா ஒரு மூலையைத் தேடிப் போயிடும். ரீச்சர், உங்கடை 27 பேரில ஓடாமல் குந்தியிருக்கிறது ஆர் எண்டு ஒரு கிழமை பாருங்கோ, அந்தப் பேரை உங்கடை இடத்து மிட்வைஃபிட்டைக் குடுங்கோ. கைச்சுற்றளவு நாடா அவவிட்டை இருக்கும், அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைக்கு மேல்கை 12.5 சென்ரிமீற்றருக்குக் கீழ எண்டா கவனிக்கவேணும், 11.5க்குக் கீழ எண்டா பிந்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்.

கொழுப்புப் பக்கமும் கண்ணை வைச்சிருங்கோ. ரவுண் பக்கத்து கிளினிக்குகளில இப்ப ஒண்டு ரெண்டு பிள்ளையள் உயரத்துக்கு மிஞ்சின நிறையோட வருதுகள், நான் வேலைக்கு வந்த புதிசில காணாத காட்சி. கேட்டால் நாலு வயசிலயும் போத்தில்ல சீனி போட்ட பால்மா மூண்டு நேரம், இடையில பிஸ்கட், சோத்துக்குப் பசியில்லை, போன் இல்லாட்டி வாய் திறக்காது. அதே வீட்டில தமக்கை மெலிவு. ஒரே கூரைக்குக் கீழ ரெண்டும்.

மல்லாவி_அப்பா

நான் திரும்ப வந்திருக்கிறன். என்ரை கதை கொஞ்சம் கடுமையாப் போச்சுது, ரீச்சர். விசுவமடு அம்மா சொன்னதை மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன், அவ ஒண்டும் கதைக்கேல்லை, உள்ளுக்கை போய் மூத்தவனின்ரை பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்தவ. 2022 இல அவன் சரியா உப்பிடித்தான், எல்லாரும் ஓட அவன் வாசல்படியில இருப்பான். நாங்கள் குணமான பிள்ளை எண்டு நினைச்சம். இப்ப பரவாயில்லை, வளவுக்கை மாமரத்தில ஏறுறான்.

ஆனா எழுத்துக் கதைக்கு இன்னும் பதில் வரேல்லை. 180 நிமிசம் எண்டா மூண்டு மணித்தியாலம், நேசறியே மூண்டு மணித்தியாலம்தான், அப்ப படிப்பு?

நேசறி_ரீச்சர் (புதுக்குடியிருப்புப் பக்கம்)

அண்ணா, நீங்கள் கேட்டது கடுமையில்லை, நீங்கள் கேட்டதாலதான் இவ்வளவும் வெளியில வந்தது. 180 நிமிசமும் நேசறியில எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, எழும்பினதிலயிருந்து படுக்கிற மட்டும் எல்லாம் சேத்துத்தான், கிணத்தடிக்கு அம்மாவோட நடக்கிறது, கோழி துரத்துறது, தண்ணிப் போத்தில் காவுறது எல்லாம் அதுக்குள்ளை. சின்னப் பிள்ளை பெரியாக்கள் மாதிரி அரை மணித்தியாலம் ஒரேயடியா ஓடாது, நாலு செக்கன் பாயும், நிக்கும், எறும்பைப் பாக்கும், பேந்து பாயும். அதைத்தான் எண்ணிறது. வரிசையில நிப்பாட்டி விசில் அடிச்சுச் செய்யிற உடற்பயிற்சி இந்த வயசுக்கு வேண்டாம், எனக்கு அது பிடிக்கிறதும் இல்லை.

எழுத்துக்கு வாறன். பென்சிலைப் பிடிக்கிறது விரல், ஆனா விரலைத் தாங்கிறது தோளும் முழங்கையும். கையால தொங்கி, மண் கிண்டி, ரயர் தள்ளின பிள்ளை பென்சில் பிடிக்கேக்க கை நடுங்காது, இது நான் பதினொரு வருசமாக் கண்ணால பாக்கிறது. மூண்டு வயசில இருத்தி எழுத வைச்ச பிள்ளை பென்சிலைக் குத்திப் பிடிக்கும், கொப்பி கிழியும், பிள்ளை அழும். என்னட்டையிருந்து போன பிள்ளையள் ஒண்டாம் வகுப்பில தங்கடை பேர் எழுதினவைதான், கொஞ்சம் பிந்தி எழுதியிருப்பினம்.

வெய்யில்தான் எனக்கு உண்மையான பிரச்சினை. சித்திரை வைகாசியில பத்து மணிக்குப் பிறகு எங்கடை முத்தத்து மணலில கால் வைக்க ஏலாது, ஆடி ஆவணி மட்டும் அப்பிடித்தான். ஒரு வேம்பு நிக்குது, அதின்ரை நிழல் 27 பேருக்குக் காணாது.

வவுனியா_கம்பஸ்_பெடியன்

ரீச்சர், நேரத்தை மாத்துங்கோ, எட்டரைக்கு வந்த உடனை ஓட்டம், பேந்து பதினொண்டு மட்டில நிழலுக்கை ஆட்டம் பாட்டு. தண்ணிப் போத்தில் ஒவ்வொருத்தருக்கும் கட்டாயம். மாரியில மண்டபத்துக்குள்ள பாயைச் சுருட்டி வைச்சுத் தாண்ட விடலாம். போன் பாக்கிறதுக்கும் அந்த 2019 வழிகாட்டியில அளவு கிடக்கு, மூண்டு நாலு வயசுக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம், குறைஞ்சால் இன்னும் நல்லம். நித்திரை 10 தொடக்கம் 13 மணித்தியாலம், பகல் நித்திரையும் சேத்து. நித்திரை குறைஞ்ச பிள்ளைக்கும் நிறை கூடும் எண்டதை ஆக்கள் கவனிக்கிறேல்லை.

ஸ்காபரோ_சித்தி

தங்கச்சியோட கதைச்சன். ராப்பை அலுமாரிக்கு மேல வைச்சாச்சாம், முதல் மூண்டு நாள் பிள்ளை குழறின குழறலில அயலட்டை எல்லாம் வந்து பாத்ததாம். நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் பெட்டையோட குரும்பட்டியில தேர் செய்து இழுத்துக்கொண்டு திரிஞ்சவனாம். கிளினிக்குக்கு வெள்ளிக்கிழமை போகினம். அடுத்த முறை காசு அனுப்பேக்க ஒரு மூண்டு சில்லுச் சைக்கிள் வாங்கச் சொல்லிப்போட்டன்.

நேசறி_ரீச்சர் (புதுக்குடியிருப்புப் பக்கம்)

மூண்டு கிழமையால எழுதுறன், மன்னியுங்கோ, மழை பெய்து கறண்ட் இல்லாமல் போனும் சார்ஜ் இல்லை.

பெற்றார் கூட்டம் வைச்சன், பத்தொம்பது பேர் வந்தவை. பிசியோத் தம்பி சொன்ன மாதிரி கொழுப்பு எண்ட சொல்லே எடுக்கேல்லை. ரெண்டு தாய்மாரைக் கூப்பிட்டு தங்கடை பிள்ளையளின்ரை கெண்டைக்காலைப் பிடிச்சுப் பாக்கச் சொன்னன், ரெண்டு மாசமா ஓடின பிள்ளையின்ரை கால், அதைப் பிடிச்சுப் பாத்த தாய் "இறுகிக் கிடக்குது ரீச்சர்" எண்டா. அதுக்குப் பிறகு நான் கனக்கக் கதைக்க வேண்டி வரேல்லை. ஆறு மாசக் கன்னம், அஞ்சு வயசுக் கன்னக் கதையை எங்கடை மிட்வைஃப் வந்து சொன்னவ, பின்னுக்கு இருந்த அம்மம்மா ஒராள் நம்பேல்லை எண்டு நேரடியாவே சொன்னா. ஒரு தாய் பிள்ளையை மற்ற நேசறிக்கு மாத்திப்போட்டா, முதல்ல வந்து அழுத அதே அம்மாதான். எனக்கு அது நெஞ்சுக்கை கிடக்கு. வழியில கண்டால் கதைக்கிறன், அவவும் சிரிக்கிறா.

குந்தியிருக்கிற பிள்ளையைப் பாக்கச் சொன்னியள். பாத்தன், மூண்டு பேர். ஒருத்தனுக்கு இரத்தம் சோதிச்சுப் பாத்ததில இரும்புச் சத்து நல்லாக் குறைவாம், பாணி மருந்து குடுத்திருக்கினம். நான் இவ்வளவு நாளும் அவனை "தங்கமான பிள்ளை" எண்டு மற்றப் பிள்ளையளுக்கு முன்மாதிரியாக் காட்டினனான். அதை நினைக்க நினைக்க எனக்கு ஆறுதில்லை. நேத்து அவன் வேம்புக்குக் கீழயிருந்து எழும்பி வந்து ரயர் ஒண்டைத் தள்ளிப் பாத்தவன், பெரிய ரயர், அசையேல்லை. பேந்து போய் இருந்திட்டான்.

பரந்தன் அண்ணா, உங்களிட்டைச் சின்ன ரயர் கிடக்குதோ, மோட்டச்சைக்கிள் இல்லாட்டி சின்னச் சைக்கிள் அளவில? ஒரு ஆறு காணும். பஸ்காசு நான் தாறன்.

பரந்தன்_ரயர்க்கடை

காசு ஒண்டும் வேண்டாம் ரீச்சர். சின்னச் சைக்கிள் ரயர் நாலும் ஸ்கூட்டி ரயர் மூண்டும் எடுத்துக் கழுவி வைச்சிருக்கிறன், உள்ளுக்கை கம்பி வெளியில நீட்டிக்கொண்டு நிண்டதுகளை எறிஞ்சு போட்டன். தண்ணி தேங்காமல் ஒவ்வொண்டிலயும் ஓட்டை போட்டிருக்கிறன், மாரி வருது, நுளம்பு முட்டை விட்டா டெங்கு. செவ்வாய்க்கிழமை காலமை முல்லைத்தீவு பஸ்ஸில போட்டு விடுறன், சந்தியில ஆரையும் நிக்கச் சொல்லுங்கோ.